வாடகை வீட்டில் ஆபத்து: இங்கிலாந்தில் கவுன்சில் எப்போது அசையும்?

இங்கிலாந்தில் தனியாரிடம் வாடகைக்கு இருப்போர் பலருக்கும் பழகிப்போன அனுபவம் இது. சுவரில் பூஞ்சணம், பாய்லர் ஓடவில்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை என்று கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி அமைப்புக்கு, எழுதுகிறார்கள். அதிகாரி வருகிறார், அளக்கிறார், படம் எடுத்துக்கொண்டு போகிறார். வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம் போகிறது. அதோடு சரி. ஆனால் பக்கத்துத் தெருவில், பார்வைக்கு இதைவிடச் சின்னதாகத் தெரிந்த குறைக்கு ஓர் உரிமையாளர் பல்லாயிரம் பவுண்டு அபராதம் கட்டியிருக்கிறார். 'வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2025' வந்து, காரணம் சொல்லாமல் வெளியேற்ற வழிசெய்த பிரிவு 21-ஐ 2026 மே 1 முதல் ஒழித்ததும், கவுன்சிலின் அதிகாரம் பற்றிய கேள்விகள் கூடியிருக்கின்றன.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். முதலாவது, கவுன்சில் அளப்பது வீடு எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதை அல்ல, அதனால் ஒருவருக்கு எவ்வளவு தீங்கு நேரலாம் என்பதை. இரண்டாவது, சட்டத்தின் பலம் அதிகாரியின் வருகையிலோ கடிதத்திலோ இல்லை. முறைப்படி தரப்படும் நோட்டீஸில்தான் இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் வாடகைச் சட்டங்கள் வேறு.

யார் கையில் எது

லண்டனில் பரோ (நகரின் உட்பிரிவு) கவுன்சில், வெளியூர்களில் மாவட்ட கவுன்சில் அல்லது ஒருங்கிணைந்த கவுன்சில்தான் வாடகை வீடுகளின் பாதுகாப்பைக் கவனிக்கிறது. கவுண்டி கவுன்சிலுக்கு எழுதினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே பொறுப்பு, 'தனியார் வீட்டுவசதி' பிரிவின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிகளிடம். அடிப்படைச் சட்டம், 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பகுதி.

எரிவாயு மட்டும் தனி. உரிமையாளர் ஆண்டுதோறும் பதிவுபெற்ற எரிவாயுப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்ற 1998-ஆம் ஆண்டு விதியை அமல்படுத்துவது உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் என்ற தேசிய அமைப்பு. அடுக்ககங்களின் பொதுப் படிக்கட்டு, நடைவழிகளில் தீயணைப்புத் துறைக்கும் அதிகாரம் உண்டு. அந்த இடங்களில் தீ ஆபத்துக்காக நோட்டீஸ் தரும் முன் கவுன்சில் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

தீங்கை எண்ணாக்குவது எப்படி

2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'வீட்டு உடல்நலம், பாதுகாப்பு மதிப்பீட்டு முறை' 29 வகை ஆபத்துகளுடன் தொடங்கியது. கடுங்குளிர், ஓதமும் பூஞ்சணமும், தீ, மின்சாரம், கார்பன் மோனாக்சைடு, ஈயம், மாடிப்படியில் விழுதல், நெரிசல், வீட்டுக்குள் எளிதாகப் புகக்கூடிய நிலை என்று பட்டியல் நீளும். ஒவ்வோர் ஆபத்துக்கும் அதிகாரி இரண்டு முடிவுகள் எடுக்கிறார்.

1. அடுத்த 12 மாதத்தில் தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு? 32-இல் ஒன்றா, 100-இல் ஒன்றா, 1,000-இல் ஒன்றா?

2. நேர்ந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும்? இதற்கு நான்கு வகுப்புகள். முதல் வகுப்பில் மரணம், நிரந்தர முடக்கம். இரண்டாவதில் ஆஸ்துமா, கடும் எலும்பு முறிவு. மூன்றாவதில் விரல் இழப்பு, மண்டையோட்டு முறிவு போன்றவை. நான்காவதில் பெருங்கன்றல், விடாத சளி இருமல். இவற்றின் எடை முறையே 10,000, 1,000, 300, 10.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செங்குத்தான, இருட்டான, கைப்பிடி இல்லாத மாடிப்படி. விழுந்து அடிபடும் வாய்ப்பு 32-இல் ஒன்று என்று அதிகாரி மதிப்பிடுகிறார். விழுந்தால் முதல் வகுப்புத் தீங்கு நேர 2.2 சதவீதம், இரண்டாவது 4.6, மூன்றாவது 21.5, மீதி 71.7 நான்காவது என்று வைக்கிறார். ஒவ்வொரு வகுப்பின் எடையையும் அதன் சதவீதத்தால் பெருக்கி 32-ஆல் வகுத்துக் கூட்டினால் சுமார் 687 + 144 + 202 + 22 = 1,055.

1,000-உம் அதற்கு மேலும் 'வகை 1' ஆபத்து. அதற்குக் கீழே 'வகை 2'. அதே படிக்கு உறுதியான கைப்பிடியும் நல்ல விளக்கும் போட்டு, வாய்ப்பு 100-இல் ஒன்றாகக் குறைந்தால் மதிப்பெண் சுமார் 338-க்கு இறங்கிவிடும். சில நூறு பவுண்டு வேலை ஒரு வீட்டை வகை மாற்றிவிடுகிறது. பெரிய கட்டுமானம் இல்லாமலே பல வழக்குகள் முடிவதற்குக் காரணம் இதுதான்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் அடுத்தது. இந்த மதிப்பெண் இப்போது குடியிருப்பவரை வைத்துப் போடப்படுவதில்லை. ஒவ்வோர் ஆபத்துக்கும் யார் எளிதில் பாதிக்கப்படுவார்களோ அந்த வயதினர் அங்கே இருப்பதாகக் கொண்டுதான் போடப்படுகிறது. கடுங்குளிருக்கு 65 வயதும் மேலும், மாடிப்படிக்கு 60 வயதும் மேலும், ஓதத்துக்கும் பூஞ்சணத்துக்கும் 14 வயதும் அதற்குக் கீழும். ஆகவே "இங்கே இருப்பது 25 வயது இளைஞர், ஒன்றும் ஆகாது" என்ற உரிமையாளரின் வாதம் மதிப்பெண்ணைக் குறைக்காது. வீடு காலியாக இருந்தாலும் குறையாது. உண்மையில் யார் இருக்கிறார் என்பது அடுத்த கட்டத்தில், என்ன நடவடிக்கை எடுப்பது, எவ்வளவு வேகமாக எடுப்பது என்று முடிவு செய்யும்போது கணக்கில் வரும்.

பூஞ்சணம் ஏன் அடிக்கடி வகை 2-இல் நின்றுவிடுகிறது

2020 டிசம்பரில் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டில் படர்ந்த பூஞ்சணத்தோடு நீண்டகாலம் வாழ்ந்ததன் விளைவாக இறந்தது என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. அது சமூக வீட்டுவசதி அமைப்பின் வீடு. அக்குழந்தையின் பெயரால் வந்த, பழுதுபார்க்க நாள் கெடு விதிக்கும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. தனியார் வாடகைக்கும் அதை நீட்டிக்க 2025 சட்டம் அதிகாரம் தருகிறது.

அந்த மரணத்துக்குப் பின்னும் மதிப்பெண் கணக்கில் பூஞ்சணம் வலுவற்றே இருக்கிறது. அதனால் நேரும் தீங்கின் பெரும்பகுதி நான்காம் வகுப்பில், அதாவது எடை 10-இல் விழுவதே காரணம். கடுங்குளிர் நேர் எதிர். அதன் தீங்கில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முதல் வகுப்பு. குளிர் முதியோரைக் கொல்கிறது. ஆகவே பூஞ்சணம் பிடித்த வீட்டில் வெப்பமூட்டும் வசதியும், சுவர், கூரை வழியே வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்பும் மோசமாக இருந்தால், அனுபவமுள்ள அதிகாரி கடுங்குளிரையும் சேர்த்து மதிப்பிடுவார். வகை 1 அங்கேதான் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். வழிகாட்டி நூலின்படி ஆரோக்கியமான உள்வெப்பம் 21 டிகிரி செல்சியஸ் அளவில். 19-க்குக் கீழே சிறிது ஆபத்து, 16-க்குக் கீழே கடும் ஆபத்து. ஆகவே புகார் எழுதுவோர் பூஞ்சணப் படத்தோடு நிறுத்தாமல், எந்த அறை எத்தனை டிகிரிக்கு மேல் சூடேறவில்லை என்பதையும் எழுதுவது பெரிய வேறுபாட்டைத் தரும்.

"துணியை உள்ளே உலர்த்துகிறார்கள், சமைக்கும்போது சன்னலைத் திறப்பதில்லை, அதனால்தான்" என்பது உரிமையாளர்களின் வழக்கமான பதில். சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சாதாரணக் குடும்ப வாழ்க்கை. அதில் எழும் ஈரத்தைத் தாங்குமளவு வீட்டுக்கு வெப்பமும் காற்றோட்டமும் காப்பும் இருக்கிறதா என்பதே கேள்வி. குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி இல்லை, சுவரின் உட்பரப்பு குளிர்ந்து கிடக்கிறது என்றால் குறை வீட்டினுடையது. கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகிச் சுவர் நனைந்தாலும், தரையிலிருந்து ஈரம் ஏறினாலும் அப்படியே. பூஞ்சணத்தைத் துடைத்து வெள்ளையடிப்பதை வேலையாக ஏற்கும் எந்த நோட்டீஸும் அடுத்த குளிர்காலத்தில் தோற்றுவிடும்.

மதிப்பெண்ணுக்குப் பிறகு

வகை 1 என்று முடிவானால் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை. வகை 2 என்றால் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஆள் பற்றாக்குறை உள்ள கவுன்சிலில் 'எடுக்கலாம்' என்பது பெரும்பாலும் 'எடுக்கவில்லை' என்றே முடிகிறது. ஆபத்தான வீட்டில் இருப்பவருக்கு இது நியாயமாகத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. கையிலுள்ள வழிகள் இவை:

1. ஆபத்தை அறிவுறுத்தும் நோட்டீஸ். குறையை எழுத்தில் சொல்லும். பின்பற்றாவிட்டால் தண்டனை இல்லை.

2. சீரமைப்பு நோட்டீஸ். என்ன வேலை, எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடிக்க வேண்டும் என்று கட்டளையிடும். மீறினால் குற்றம்.

3. தடை உத்தரவு. ஓர் அறையையோ முழு வீட்டையோ குடியிருப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கும். போதிய உயரமோ தப்பிக்கும் வழியோ இல்லாத கூரை அறை, சன்னல் இல்லாத நிலவறை போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம்.

4. அவசரச் சீரமைப்பு, அவசரத் தடை. வகை 1 ஆபத்து, அதுவும் உடனடியாகக் கடும் தீங்கு நேரும் நிலை என்றால் கவுன்சில் தானே ஆளை அனுப்பிச் சரிசெய்து செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். வேலை தொடங்கி 7 நாளுக்குள் நோட்டீஸ் தந்தால் போதும். வெளியே தெரியும் மின்கம்பிகள் இதற்கு உதாரணம்.

இடிப்பு உத்தரவும் சட்டத்தில் உண்டு, அரிதாகவே பயன்படுகிறது.

கடிதம் வேறு, நோட்டீஸ் வேறு

பெரும்பாலான கவுன்சில்கள் முதலில் சாதாரணக் கடிதம்தான் அனுப்புகின்றன. பொறுப்பான உரிமையாளர் அதிலேயே வேலையை முடித்துவிடுவார். செலவும் காலமும் மிச்சம். பொறுப்பற்றவர் அதைப் படித்துவிட்டு மறந்துவிடுவார். மறந்ததற்காக அவருக்கு எந்தத் தண்டனையும் கிடையாது.

சீரமைப்பு நோட்டீஸ் வந்த நாள் முதல் நிலைமை வேறு. தந்த 28-ஆம் நாளுக்கு முன் வேலையைத் தொடங்கும்படி அது கேட்க முடியாது. 21 நாளுக்குள் உரிமையாளர் சொத்துத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். செய்தால் தீர்ப்பு வரும்வரை நோட்டீஸ் நடைமுறைக்கு வராது. செய்யாவிட்டால் 21 நாள் முடிந்ததும் அது உறுதியாகிவிடும். பிறகு "ஆபத்தே இல்லை" என்று வாதிட வழியில்லை. நோட்டீஸின் நகல் 7 நாளுக்குள் குடியிருப்பவருக்கும் தரப்பட வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. நகல் வரவில்லை என்றால், கேட்கவேண்டிய முதல் கேள்வி: "தந்தது நோட்டீஸா, கடிதமா? சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்?" பிரிவு 11 என்றால் வகை 1-க்கான சீரமைப்பு நோட்டீஸ். 12 என்றால் வகை 2-க்கானது. 28, 29 என்றால் வெறும் அறிவுறுத்தல்.

இதே வேறுபாடு வெளியேற்றத்திலும் உயிர்நாடியாக இருந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சீரமைப்பு நோட்டீஸோ அவசரச் சீரமைப்பு நோட்டீஸோ தரப்பட்ட பின் 6 மாதத்துக்குப் பிரிவு 21-ஐப் பயன்படுத்தி வெளியேற்ற முடியாதிருந்தது. கடிதத்துக்கும் அறிவுறுத்தலுக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. கவுன்சில் மென்மையாக நடந்துகொண்ட வீடுகளில்தான் புகார் செய்தவர்கள் வெளியேற்றத்துக்கு ஆளாகும் நிலையில் இருந்தார்கள். பிரிவு 21 போனதால் அந்த அச்சம் குறைந்திருக்கிறது. இப்போது உரிமையாளர் சட்டத்தில் சொல்லப்பட்ட காரணம் ஒன்றைக் காட்டி நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும்.

நோட்டீஸ் எங்கே உடைகிறது

தீர்ப்பாயத்தில் கவுன்சில்கள் தோற்பது பெரும்பாலும் வீடு நன்றாக இருந்ததால் அல்ல, காகிதம் சரியில்லாததால்.

1. தவறான ஆளுக்குத் தருவது. வாடகைக்கு விடக் கவுன்சில் உரிமம் பெற்ற வீட்டில் அந்த உரிமம் வைத்திருப்பவருக்கு, மற்ற தனி வீடுகளில் வாடகை வாங்கி வீட்டைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்குத் தர வேண்டும். வீடு நிறுவனத்தின் பெயரில் இருக்க, இயக்குநரின் பெயருக்கு அனுப்பினால் சிக்கல். நிலப்பதிவேட்டைப் பார்க்காமல் தரும் நோட்டீஸ் இங்கேதான் விழுகிறது.

2. குறையையும் வேலையையும் தெளிவில்லாமல் எழுதுவது. "ஓதத்தைச் சரிசெய்க" என்றால் எப்போது முடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எந்தச் சுவர், எந்தக் காரணம், எந்த வேலை, எந்தத் தேதி என்று இருக்க வேண்டும்.

3. பல வழிகளில் இதைத் தேர்ந்தெடுத்த காரணத்தை விளக்கும் அறிக்கையை நோட்டீஸோடு தராமல் விடுவது. சட்டம் அதைக் கட்டாயமாகக் கேட்கிறது.

4. நுழைவு. ஆய்வுக்கு முன் குடியிருப்பவருக்குக் குறைந்தது 24 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்துவதாகச் சந்தேகித்து அதை உறுதிசெய்யப் போகும்போது வேண்டாம்.

உரிமையாளருக்கு 'நியாயமான காரணம்' என்ற தற்காப்பும் உண்டு. வாடகைதாரர் உள்ளே விடவில்லை என்பது அதில் ஒன்று. வேலைக்கு ஆள் வரும் நாளை மறுக்கும் வாடகைதாரர், தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்துகிறார்.

மதிப்பெண் தேவைப்படாத விதிகள்

சில விதிகளில் அளவீடே வேண்டாம். இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. அதனால் நிரூபிக்க எளிது, விரைவில் முடியும்.

மின்சாரம்: 2020 விதிகளின்படி குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் மின்னிணைப்பைச் சோதிக்க வேண்டும். அறிக்கை 28 நாளுக்குள் வாடகைதாரருக்கு, கவுன்சில் கேட்டால் 7 நாளுக்குள் கவுன்சிலுக்கு. அறிக்கையில் 'சி1' என்றால் இப்போதே ஆபத்து, 'சி2' என்றால் ஆபத்தாகக்கூடியது, 'எஃப்ஐ' என்றால் மேலும் ஆராய வேண்டும். மூன்றில் எது இருந்தாலும் 28 நாளுக்குள், அறிக்கை அதைவிடக் குறைந்த காலம் சொன்னால் அதற்குள் முடிக்க வேண்டும். 'சி3' வெறும் பரிந்துரை.

அலாரம்: வசிக்கும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல், நிலையாகப் பொருத்திய எரிபொருள் சாதனம் உள்ள ஒவ்வோர் அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். எரிவாயு அடுப்பு இதில் சேராது. பழுது என்று வாடகைதாரர் சொன்னால் மாற்றுவது உரிமையாளரின் கடமை. கவுன்சில் நோட்டீஸ் தந்து 28 நாளுக்குள் செய்யாவிட்டால் 5,000 பவுண்டு வரை தண்டம்; அலாரத்தைக் கவுன்சிலே பொருத்தியும் விடும்.

பங்கிட்டு வாழும் வீடு: இரண்டோ அதற்கு மேலோ குடும்பங்களைச் சேர்ந்த 5 பேரோ அதற்கு மேலோ சமையலறை, கழிப்பறை ஆகியவற்றைப் பகிர்ந்து வாழும் வீட்டைப் 'பெரிய எச்.எம்.ஓ.' என்பார்கள், அதற்கு உரிமம் கட்டாயம். மூன்று மாடி இருந்தால்தான் என்ற நிபந்தனை 2018 அக்டோபர் 1-இல் நீங்கியது. பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், இருவர் என்றால் 10.22 இருக்க வேண்டும். தமிழர் நெருக்கமாக வாழும் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பகுதிகளை உள்ளடக்கிய நியூஹாம் பரோ, 2013 ஜனவரியில் ஏறக்குறைய எல்லாத் தனியார் வாடகை வீட்டுக்கும் உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. இங்கிலாந்தில் ஒரு முழு பரோவுக்கும் அப்படிச் செய்தது அதுவே முதல். சொந்தக்காரரிடம், ஊர்க்காரரிடம் வாய்மொழியாக அறை எடுத்தாலும் இந்த விதிகள் பொருந்தும். ஒப்பந்தக் காகிதம் இல்லாததால் உரிமக் கடமை நீங்காது.

தண்டம் யாருக்கு, எவ்வளவு

சீரமைப்பு நோட்டீஸை மீறினால் கவுன்சில் வழக்குப் போடலாம், அபராதத்துக்கு உச்சவரம்பில்லை. அல்லது 2017 ஏப்ரல் முதல், வழக்கின்றித் தானே தண்டம் விதிக்கலாம். ஒன்று மட்டுமே, இரண்டும் கூடாது. உச்சவரம்பு 30,000 பவுண்டாக இருந்தது. 2025 சட்டம் அதை 40,000 ஆக்குகிறது. நீதிமன்றம் போகாவிட்டாலும் குற்றவியல் வழக்குக்குத் தேவையான அளவு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். போதிய சான்று கையில் கிடைத்த 6 மாதத்துக்குள் 'தண்டம் விதிக்க எண்ணுகிறோம்' என்ற முதல் நோட்டீஸ் போக வேண்டும். மீறல் தொடர்ந்தால், அது நின்றபின் 6 மாதம் வரை காலம் உண்டு. உரிமையாளருக்குப் பதில் எழுத 28 நாள், இறுதி நோட்டீஸுக்குப் பின் மேல்முறையீட்டுக்கு 28 நாள். தீர்ப்பாயம் தொகையைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். தண்டத் தொகையைக் கவுன்சில் தன் அமலாக்கப் பணிக்கு வைத்துக்கொள்கிறது.

இந்தப் பணத்தில் வாடகைதாரருக்கு ஒரு பைசா கிடையாது. அவருக்குத் தனி வழி உண்டு. உறுதியான சீரமைப்பு நோட்டீஸை மீறியது, தடை உத்தரவை மீறியது, உரிமமின்றி நடத்தியது ஆகிய குற்றங்களுக்காக, கட்டிய வாடகையைத் திருப்பித் தரும் ஆணையை அவரே தீர்ப்பாயத்தில் கேட்கலாம். 12 மாத வாடகை வரை என்றிருந்ததைப் புதிய சட்டம் 24 மாதமாக்கியது. கவுன்சில் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் சீரமைப்பு விஷயத்தில் நோட்டீஸ் இருந்தே ஆக வேண்டும். கடிதத்தை மீறியதற்கு ஒரு மாத வாடகைகூடத் திரும்ப வராது.

புகார் செய்யும்போது

1. முதலில் உரிமையாளருக்கோ ஏஜென்டுக்கோ எழுத்தில், தேதியோடு சொல்லுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசியதைச் சுருக்கி உடனே மின்னஞ்சலாக அனுப்புங்கள்.

2. கவுன்சிலுக்கு எழுதும்போது வீட்டில் உள்ள குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா நோயாளிகள் யார் என்று குறிப்பிடுங்கள். மதிப்பெண் மாறாது, முன்னுரிமை மாறும்.

3. அறை வெப்பநிலையை ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். மின்சோதனை அறிக்கை, எரிவாயுச் சான்று தரப்பட்டதா என்பதையும் சொல்லுங்கள். மின்சோதனை அறிக்கை இல்லை என்றால் கவுன்சிலுக்கு அதுவே மிக விரைவான வழி.

4. ஆய்வு முடிந்ததும், எந்த ஆபத்து எந்த வகையில் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். வகை 1 என்று எழுதிவிட்டு நடவடிக்கை எடுக்காத கவுன்சில் தன் சட்டக் கடமையை மீறுகிறது. அதை அதன் புகார் நடைமுறையிலும், பின்னர் உள்ளாட்சிக் குறைதீர் ஆணையரிடமும் கொண்டுபோகலாம்.

5. வகை 2-இல் நின்றுவிட்டால் கவுன்சிலையே நம்பியிருக்க வேண்டாம். 2019 மார்ச் 20-இல் நடைமுறைக்கு வந்த, வீடு மனிதர் வாழத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டத்தின் கீழ் வாடகைதாரரே நேராக நீதிமன்றம் போகலாம். கவுன்சில் ஆய்வு அறிக்கை அங்கே வலுவான சான்று. கவுன்சிலே வீட்டு உரிமையாளராக இருக்கும் வீடுகளிலும் இதே வழிதான். கவுன்சில் தனக்குத் தானே நோட்டீஸ் தர முடியாது.